மண்பாதையில் வஜீஹா

கூவம் இங்கே நாறிக் கிடக்கும்போது எங்கேயோ மலையில் ஓடும் ஆற்றுக்காக ஏன் சைக்கிள் மிதிக்கிறாய் என்று வஜீஹாவிடம் கேட்காதவர்கள் அந்த வருடம் மேற்கு மாம்பலத்தில் யாரும் மிச்சமில்லை. மருந்துக் கடையில் கேட்டார்கள். நாத்தனார் கேட்டாள். திரைச்சீலைக்கு அளவெடுக்கப் போன வீடுகளில், அவள் ஸ்டூலில் ஏறி ஜன்னலுக்குக் குறுக்கே டேப்பைப் பிடித்திருக்கும்போது கீழே நின்றுகொண்டு கேட்டார்கள். முதலில் உட்கார்ந்து விளக்கினாள். பிறகு நின்றபடியே விளக்கினாள். கடைசியில், "கூவத்தை நீங்க பார்த்துக்குங்க, நான் அதைப் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்துவிடுவாள்.

வஜீஹாவும் கணவர் அப்துல் வஹீதும் தி.நகரில் திரைச்சீலைக் கடை வைத்திருந்தார்கள். நாற்பது தாண்டி அவளுக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடை அவளுக்கு ஆகவே ஆகாது. எவ்வளவு நடந்தாலும் அதே தெருவில் நிற்பது போலிருக்கும். மகள் இஃப்ரா வெளியூர்க் கல்லூரிக்குப் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்த சைக்கிளை ஒருநாள் துடைத்து எடுத்தாள். கொஞ்ச நாளில் விடிகாலையில் பெசன்ட் நகர் வரை போய்வந்தாள்; அப்புறம் கொட்டிவாக்கம். கடற்கரையில்தான் ஸ்ரீரஞ்சனியின் பழக்கம் ஏற்பட்டது. ஸ்ரீரஞ்சனி வங்கி வேலையை விட்டுவிட்டு ஆறுகளைக் காக்க ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தவள். பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். சைக்கிள் மிதித்துக்கொண்டேயும் பேசுவாள்.

அவள்தான் வஜீஹாவை மலைக்குக் கூட்டிப் போனாள். எங்கும் அணை கட்டப்படாத ஆறு அது. பாறையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. ஸ்ரீரஞ்சனி பேசுவதுகூட விழவில்லை. எதிர்ப்பாறையில் ஒரு நீர்நாய் மீனைக் கொண்டுவந்து போட்டு, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. வஜீஹா பிறந்து வளர்ந்த ஊரில் ஆறு என்றால் பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பது. இத்தனை வருடம் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டது போல அன்று அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்த ஆற்றின் குறுக்கே அணை வரப்போகிறது என்று கேட்டபோது கோபம் இரட்டிப்பானது.

அணைக்கு எதிராக வழக்கு நடத்தவும், ஆற்றைக் காக்கக் குழு எழுதிவைத்திருந்த திட்டத்துக்கும் பணம் வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து சென்னைக் கடல் வரை, தார்ச்சாலையைத் தொடாமல் முடிந்தவரை மண்பாதையிலேயே சைக்கிளில் வருவது, அதைக் காட்டி நன்கொடை திரட்டுவது என்று குழு முடிவு செய்தது. அதன்பின் என்ன நிறத்தில் பனியன் போடுவது என்று மூன்று கூட்டங்கள் நடந்தன. நீலமா பச்சையா என்று இரண்டு கட்சி பிரிந்தது. வஜீஹா எல்லாவற்றுக்கும் போய் உட்கார்ந்து, போன மாதம் தைத்துக் கொடுத்த திரைச்சீலைகளின் நிறங்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு அலுவலகத்தில் லீவு இல்லை, ஒருவர் வீட்டில் கல்யாணம். கிளம்பும்போது சைக்கிளில் இருந்தது ஸ்ரீரஞ்சனியும் வஜீஹாவும் மட்டும்தான். பனியன்கள் மட்டும் ஒரு மூட்டை மிஞ்சின.

சாமான்களோடு பின்னால் வந்தவர் அசோகன். கடைக்குத் துணி ஏற்றி இறக்கும் 'குட்டி யானை' லோடு வண்டிக்காரர். அவருக்கு இந்தப் பயணத்தின் தர்மமே பிடிபடவில்லை.

"இன்னாக்கா இது? அங்க ரோடு சும்மா பளபளன்னு கீது. அத்த வுட்டுட்டு முள்ளுக்காட்டுல போய்க்கினு கீறீங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஏரிக்கரை முழுக்கச் சீமைக் கருவேல முள். டியூபில் ஒட்டு போட இடமில்லாமல் போனது. வாய்க்கால் கரையில் பாதை திடீரென்று முடிந்து யாருடைய வாழைத்தோப்போ குறுக்கே வரும். ஓடை ஒன்றில் வஜீஹா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது போன் அடித்தது. அவசரமோ என்று பதறி, கரையேறியதும் திருப்பிக் கூப்பிட்டாள்.

"வஜீ, திரைக்கம்பி மாட்டுற அந்தச் சின்ன கொக்கியெல்லாம் எங்க வெச்சிருக்க?" என்றார் வஹீத்.

"கல்லாவுக்குக் கீழ."

"எந்தப் பக்கம்?"

அவள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

ஸ்ரீரஞ்சனியோ வழியெல்லாம் வீடியோ எடுத்தாள். வஜீஹா கீழே விழுந்த இடங்களில் முதலில் வீடியோ, அப்புறம் பஞ்சு.

கடைசி நாள் காலை சைதாப்பேட்டை வந்துவிட்டார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் மேடை போட்டிருந்தது. பெரிய நன்கொடை தரப்போகும் தொழிலதிபர் ஏற்கெனவே வந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"மெயின் ரோட்லயே போயிடலாம் வஜீ. அவர் காத்துண்டிருக்கார்" என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"மண்பாதைன்னு சொல்லித்தானே கேட்டோம். அடையாத்துக் கரையிலேயே போவோம்."

"அங்க எங்க பாதை இருக்கு?"

"நான் இட்டுக்கினு போறேன்" என்றார் அசோகன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி முன்னால் நடந்தார். குப்பை மேடு, உடைந்த செங்கல், காலில் ஒட்டும் கருஞ்சேறு. அறுநூறு கிலோமீட்டரில் இவ்வளவு மோசமான பாதையை அவர்கள் பார்க்கவில்லை. கொஞ்ச தூரத்தில் உயரமான கம்பிவேலி குறுக்கே வந்தது. பூட்டிய கதவு. உள்ளே மரக்கன்றுகள் நட்டிருந்தார்கள். காவலாளி கையை ஆட்டி, திரும்பிப் போகச் சொன்னார்.

அசோகன் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோ, அந்த பூவரச மரம் கீது பாருக்கா. அதுக்கு இந்தாண்ட எங்க வூடு. ஆத்த காப்பாத்தணும், காலி பண்ணுங்கன்னாங்க. இப்ப பெரும்பாக்கத்துல மூணாவது மாடி. செண்பகம் அங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறி அடையாறுக்கு வேலைக்கு வருது." பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. பிறகு கேட்டார்: "நீங்க காப்பாத்துறீங்களே, அந்த ஆத்தாண்ட ஆளுங்க யாருனா கீறாங்களா?"

இருந்தார்கள். முதல் இரவு தங்கிய ஊரில் பொன்மணி என்ற பெண் இவர்களுக்குக் கிழங்கு வேகவைத்துக் கொடுத்து, ஈரச் சாக்ஸை அடுப்போரம் காயவைத்திருந்தாள்.

வஜீஹா திரும்பினாள். "ரஞ்சனி, நம்ம திட்டத்துல ஆத்துக்கு ரெண்டு பக்கமும் ஆளுங்க யாரும் இல்லாம காட்டை மூடிடணும்னு இருக்கே. அப்ப பொன்மணி எங்க போவா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நாழியாறது."

கொக்கியையும் பனியனையும் முள்ளையும் பொறுத்துக்கொண்ட வஜீஹாவால் அந்த 'அப்புறத்தை' மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேறு வழியில்லாமல் தார்ச்சாலையிலேயே போய், சேறோடு மேடையேறினார்கள். தொகுப்பாளர் மைக்கை நீட்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டியது எப்படி இருந்தது என்று கேட்டார்.

"வேர்த்துச்சு" என்றாள் வஜீஹா. மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அணை வரக்கூடாது. ஆனா ஆத்தைக் காப்பாத்துறேன்னு அங்க இருக்கிறவங்களை யாரும் கிளப்பவும் கூடாது. அது எழுத்துல இல்லாம இந்தப் பணத்தைத் தொட எனக்கு இஷ்டமில்லை."

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். தொழிலதிபர் தட்டவில்லை. மனிதர் இல்லாத காடு என்ற யோசனையே அவருடையது என்று வஜீஹாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த வாரமே அவர் ஒதுங்கிக்கொண்டார்.

"ஒரு நாள் பொறுத்திருக்கப்படாதா?" என்று போனில் கேட்டாள் ஸ்ரீரஞ்சனி. அழுதிருப்பாள் போலிருந்தது.

"பொறுத்துக்கிட்டுத்தான் மலையிலேர்ந்து உன்கூட வந்தேன்."

அதற்குப் பின் இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் வஜீஹா ஒரு கூட்டத்தையும் விடவில்லை. போய், சுவரோரம் உட்கார்ந்து, கடைசியில் எழுந்து அதே கேள்வியைக் கேட்பாள். ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். சிலர் அவளைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை ஸ்ரீரஞ்சனியே எழுந்து, அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றாள். வஜீஹாவைப் பார்க்காமல்தான் சொன்னாள். மழைக்காலம் முடிவதற்குள் திட்டம் திருத்தி எழுதப்பட்டது. ஆற்றோர ஊர்க்காரர்களில் இரண்டு பேர் குழுவில் சேர்ந்தார்கள். பெரிய பணம் போனது போனதுதான். வீடியோவில் அவள் விழுந்ததைப் பார்த்துச் சிரித்தவர்கள் அனுப்பிய சிறு தொகைகளில் வழக்கு மெல்ல நகர்ந்தது. அசோகனையும் குழுவுக்கு அழைத்தாள். "எனுக்கு லோடு கீதுக்கா" என்று அவர் வர மறுத்துவிட்டார்.

ஊர் சார்பில் முதல் கூட்டத்துக்குப் பொன்மணி ரயிலேறி வந்தாள். வெளியாட்கள் ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிப்பதை முதலில் நிறுத்த வேண்டும் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தாள். அதை எந்த வார்த்தையில் தீர்மானமாக்குவது என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். டீ வந்தது, ஆறியது, மறுபடி வந்தது.

பொன்மணி வஜீஹாவின் காதோரம் குனிந்தாள். "அக்கா, உங்க ஊர்ல கூட்டம்னா இப்படித்தான் நடக்குமா?"

"இன்னைக்குப் பரவாயில்லை" என்றாள் வஜீஹா.