சுதனின் காருக்கு நாவூறு

இரண்டு வருடத்துக்கு முன்பு பெரிய எஞ்சின் பூட்டிய அந்தப் பழைய அமெரிக்க மசில் காரை முதலில் ஓட்டிப் பார்த்தவன் நான்தான்.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பிரேக் பிடித்தால் அடுத்த சிக்னலில் நிற்கும்.

"இது கார் இல்லை, வள்ளம். வாங்காதை, தம்பி" என்று என் மனைவியின் தம்பி சுதனுக்குச் சொன்னேன்.

அவன் வாங்கிவிட்டான்.

இன்று காலை மொன்றியல் லாசாலில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். "அத்தான், ஏறுங்கோ, ஒரு ரவுண்ட் போட்டு வருவம்" என்றான். ஸ்பிரிங், ஷாக், ஸ்டியரிங் எல்லாம் புதிதாம். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக்காம்.

மொன்றியல் தெருக் குழிகளில் எப்படியும் குலுங்கும் என்று ஆசையோடு காத்திருந்தேன். என் கையிலிருந்த தேநீர்கூடச் சிந்தவில்லை. வளைவில் கார் சாயவும் இல்லை. சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற பஸ் டிரைவர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். என் வான் வண்டியைப் பார்த்து இதுவரை ஹோர்ன்தான் அடித்திருக்கிறார்கள்.

திரும்பி வந்ததும் சுதன் நாலு எலுமிச்சம்பழத்தை என் கையில் தந்தான்.

"எல்லாரின்ர கண்ணும் இதிலதான் அத்தான். நாவூறு கழிச்சு, சில்லுக்குக் கீழ வைச்சு விடுங்கோ. உங்களை மாதிரி மனசில ஒண்டும் இல்லாத ஆள்தான் இதைச் செய்யவேணும்."

மூன்று முறை காரைச் சுற்றி வந்து பழங்களை வைத்தேன். அவன் மெதுவாக ஏற்றினான். நாலும் ஒரே அளவாக நசுங்கின. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

கண் வைத்தவனே கழித்தால் நாவூறு போகுமா? தெரிந்தவர்கள் கீழே கொமென்டில் சொல்லுங்கள்.

சுதனை மட்டும் டாக் பண்ணிவிடாதீர்கள்.