எழுத்து எனக்கு, பேச்சு லோகாவுக்கு

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில்தான் செய்தி வந்தது. கங்காணி போனில் சொன்னார்: "கிராணி, நம்ம லோகா போயிட்டாருலா. நெஞ்சு வலின்னு கிளினிக் போனவரு, திரும்பல." எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. இனி அரபு விருந்தாளிகளிடம் யார் பேசுவது என்றுதான் தோன்றியது. அடுத்த நொடியே, வேறு யார், நான்தான் என்று தோன்றியது. லோகநாதனை அறிந்து இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களிடம் இதை மறைக்க விருப்பமில்லை. ‘அவர்’ என்று எழுதவும் கை வரவில்லை. ஒரே தேயிலைத் தொழிற்சாலையில் அவன் லோரி ஓட்டினான், நான் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி.

தோட்டம் பார்க்க அரபுக் குடும்பங்கள் நிறைய வரத் தொடங்கியதும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எங்கள் இருவரையும் பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் ஒரு மலாய் ஆசிரியரிடம் வாரம் ஒருநாள் அரபு படிக்க அனுப்பினார். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். இருபத்தெட்டு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் குறிப்பும் போட்டுவிட்டேன். லோகா மூன்றாவது எழுத்தையே தாண்டவில்லை. "ஸ்டேரிங் புடிச்ச கை கிராணி, வளைய மாட்டேங்குது" என்று சிரிப்பான். எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருக்கும்.

நாம் சொல்லும் ‘மகசூல்’ அரபிலிருந்து வந்தது என்று அகராதியைப் புரட்டிக் கண்டுபிடித்தது நான். அதை விருந்தாளிகள் முன் சொல்லிக் கைதட்டு வாங்கியது அவன். துரையும் சேர்ந்து கைதட்டினார்.

ஒருநாள் மதியம் பனிமூட்டத்தில் ஒரு அரபுக்கார அம்மா குடும்பத்தை விட்டுப் பிரிந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே அழுதுகொண்டு நின்றார். நான் நோட்டோடு ஓடினேன். ‘இது கதவு’, ‘இது பேனா’ என்பதுவரைதான் பாடம் நடந்திருந்தது. அங்கே கதவும் இல்லை, பேனாவும் இல்லை. லோகா பின்னாலேயே வந்தான். "மர்ஹபா, உம்மி" என்றான். வணக்கம், அம்மா; விருந்தாளிகள் பேசக் கேட்டுப் பிடித்துக்கொண்ட சொற்கள். அவரைத் தோட்டத்து டீக்கடைக்கு அழைத்து வந்து உட்காரவைத்து, "ஷாய்? சுக்கர் மாஃபி?" என்று கேட்டான். சர்க்கரை இல்லாமல் டீ வேண்டுமா என்றுதான். அந்த அம்மா அழுகையை விட்டுச் சிரித்துவிட்டார். மகன்கள் தேடி வந்தபோது இருவரும் விரலை நீட்டித் தங்கள் பிள்ளைகளை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். போகும்போது அந்த அம்மா அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

"மாஃபி எல்லாம் தெருப்பேச்சுடா, புத்தகத்துல அப்படிக் கெடையாது" என்று பிறகு நான் திருத்தினேன். "நாம டீ குடுக்கிறது புத்தகத்துக்கா கிராணி? மனுஷங்களுக்குத்தானே?" என்றான். மறுவாரம் முதல் அரபு விருந்தாளிகள் முழுக்க அவன் பொறுப்பு. எனக்கு வயிறு எரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து என் மேசையருகே வந்து நின்றான். "அந்த அம்மா மெசேஜ் எழுதி அனுப்புறாங்க. படிக்கத் தெரியல. உன் நோட்ட ஒரு வாரம் குடேன்."

"தொலஞ்சு போச்சு" என்றேன். நோட்டு என் முழங்காலுக்கு மேலே, இழுப்பறைக்குள் இருந்தது.

நம்பிவிட்டான். அடுத்த நாள் டவுனிலிருந்து புது நோட்டு ஒன்று வாங்கி வந்து என் மேசையில் வைத்தான். "ஒனக்குத்தான் எழுத்து வரும். மறுபடி எழுதுலா." நான் எழுதவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை. எழுதாமல் பேசி அனுப்பும்படி அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டிருக்கிறான்.

கருமாதி முடிந்த அன்று அவன் மனைவி அவனுடைய போனை என்னிடம் நீட்டினார். "அண்ணே, நீங்களும்தானே படிச்சீங்க. ஒரு வாரமா இந்த அம்மா பேசிப் பேசி அனுப்புறாங்க. சொல்லிடுங்கண்ணே."

இறந்துவிட்டான் என்பதற்கு அரபில் என்ன? என் நோட்டில் இல்லை. கதவும் பேனாவும்தான் இருந்தன. போனை வாயருகே பிடித்து, நான் கேலி செய்த அவனுடைய சொல்லையே எடுத்துக்கொண்டேன். "உம்மி, லோகா மாஃபி." லோகா இல்லை.

சற்று நேரத்தில் பதில் வந்தது. நீண்ட அழுகை. நடுநடுவே அவன் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.

அவன் தந்த நோட்டின் முதல் பக்கத்தில் ‘மாஃபி’ என்று வலமிருந்து இடமாக எழுதி வைத்திருக்கிறேன். அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டும் அந்தச் சொல்லும். பொறாமையும் போகவில்லை. நான் போனால் எனக்காகத் தமிழில் அழுவார்கள். லோகாவுக்காக அரபிலும் அழுகிறார்கள்.