மாமா வரைந்த பக்கம்

என் மாமனாருக்கு இந்த உலகத்தில் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, அவருக்குச் சம்பளம் கொடுத்ததே அந்தக் குணம்தான். முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்கி, தராசைச் சோதித்து, முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம் கழித்தும், வெங்காயம் வாங்கப் போனால் முதலில் தராசுத் தட்டைத் தூக்கி அடியில் தடவிப் பார்ப்பார். கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நானும்தான்.

மாமி போன பிறகு எங்களோடு வந்து ஐந்து வருடமாகிறது. சுவர்க் கடிகாரம், காய்ச்சல் பார்க்கிற கருவி, பால் பாக்கெட், எதுவும் அவர் விசாரணைக்குத் தப்பியதில்லை. பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். என் வலது காதைப் பார்த்துத்தான் பேசுவார். நான் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறார், மீதி காது வழியாக வெளியே வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். எரிச்சலாக வரும்.

அவருக்கென்று இருந்த ஒரே சுகம் அக்கா வீட்டுப் பயணம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஏழு மணி நேர ரயில், தனியாக. அங்கே பத்து நாள் அக்காவும் தம்பியும் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று சண்டை போடுவார்கள். திரும்பி வரும்போது பத்து வயது குறைந்தாற்போல் வருவார். போன முறை மட்டும் ஒரு நிலையம் தள்ளி இறங்கிவிட்டார். தூங்கிவிட்டேன் என்றார். என் கணவர் நம்பவில்லை. அப்பாவின் மகன்தானே.

"இனிமே அப்பாவைத் தனியா அனுப்புறது சரிப்படுமா?" என்று அவர் சமையலறையில் என்னிடம் கேட்டபோது, கதவுக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது. இருவருமே கேட்டோம்.

அந்த வாரம் பார்த்து நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. நான் வேலை செய்வது ஒரு பயண முன்பதிவு நிறுவனத்தில். இணையதளத்தில் எந்தப் பொத்தான் எங்கே, எந்த எழுத்து எந்த நிறம் என்று முடிவு செய்கிற குழு எங்களுடையது. எங்கள் பக்கம் பார்க்க அழகாக இருக்கும், பயன்படுத்தத்தான் முடியாது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. கடைசி நிமிடத்தில் ஒரு விளம்பரம் வந்து விழுந்து பொத்தானைக் கீழே தள்ளும். வயதானவர்கள் திணறுகிறார்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்று எட்டு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன். நிரூபித்துக் காட்டு என்றார் எங்கள் தலைவர். வயதானவர்களைக் கூட்டி வந்து சோதனை வைப்பதாக முடிவானது. ஐந்து பேர் கிடைத்தார்கள். ஆறாவது ஆளுக்கு மாமாவைக் கேட்டேன்.

"யார் யாரு பாப்பாங்க?"

"எங்க ஆபீஸ்ல நாலு பேர், மாமா."

"ரிசல்ட் யாருக்குப் போகும்?"

"யாருக்கும் போகாது. சோதனை உங்களுக்கு இல்ல மாமா. எங்க பக்கத்துக்குத்தான்."

அவர் என் காதைப் பார்த்துச் சிரித்தார். "நானும் அதைத்தாம்மா சொல்லுவேன். சோதனை உனக்கில்லப்பா, தராசுக்குத்தான். சொல்லிட்டு, கடைக்காரன் மேலதான் கேஸ் எழுதுவேன்."

ஆனாலும் வருகிறேன் என்றார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

சோதனைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஊரும் தேதியும் கொடுத்து, ஜன்னலோர இருக்கை எடுத்து, டிக்கெட்டை உறுதி செய்ய வேண்டும். அதை அவரிடம் முன்னாடியே சொன்னது என் மடத்தனம். பழகட்டும் என்று வீட்டுப் பழைய கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வேறு வைத்தேன்.

அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சொந்தக்காரர் என்பதால் நான் உடன் உட்காரக் கூடாது. பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைவர் என் தோளுக்குப் பின்னால். மற்ற ஐந்து பேரும் கால் மணி, அரை மணி என்று தவித்த வேலையை மாமா நான்கு நிமிடத்தில் முடித்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. விளம்பரம் விழுகிற இடத்தில்கூடக் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு சரியாக அழுத்தினார்.

"எழுபத்தாறு வயசு. நாலு நிமிஷம்," என்றார் தலைவர். "நீங்க என்னமோ யாராலயும் முடியாதுன்னீங்க." மறுநாள் என் கோரிக்கையைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பக்கம் வந்து சேர்வதற்கு முன்பே அவர் விரல் போய் நின்றது. எழுத்து வருமுன் எப்படிப் படித்தார்? அதோடு, அவர் திரையைப் பார்க்கவே இல்லை. திரைக்குச் சற்று வலப்பக்கம், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் பேசும்போது காதைப் பார்ப்பாரே, அதே பார்வை.

அடுத்த நாள் அவர் நடக்கப் போயிருந்தபோது அவர் அறைக்குள் போனேன். படுக்கை விரிப்பைத் துவைக்க எடுக்கப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன். தேடத்தான் போனேன். மெத்தைக்கு அடியில் கிடைத்தது.

பதினோரு காலண்டர் தாள்கள். பின்பக்கத்தில், தடிமனான கறுப்பு மார்க்கரில், எங்கள் இணையதளம். ஒரு தாளுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பெட்டியும் உள்ளங்கை அகலம். "இங்கே ஊர்." "இங்கே தேதி." "இது விளம்பரம், தொடாதே." ஓரிடத்தில்: "மூணு எண்ணு. பொத்தான் கீழே போகும். அப்புறம் அழுத்து." தாள்களுக்கு நடுவில் ஒரு பூதக்கண்ணாடி. திரையில் அதை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவிப் படித்து வரைந்திருக்கிறார். பிறகு மனப்பாடம் செய்திருக்கிறார். அந்தக் காதுப் பார்வை அப்போதுதான் புரிந்தது: நடுப்பார்வை போய்விட்டிருந்தது, ஓரப்பார்வையில்தான் எங்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நாளாக என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தத் தாள்களில் இருந்த பக்கம் எங்கள் பக்கத்தைவிட நன்றாக இருந்தது. எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அத்தனையும் அதில் இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கிழித்துப் போடுவார் என்று பயம். பதினொன்றையும் பையில் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன்.

மேசையில் வரிசையாகப் பரப்பினேன். "பங்கேற்பாளர் ஆறு நாலு நிமிஷத்துல முடிக்கிறதுக்காக மூணு வாரம் வரைஞ்சது இது," என்றேன். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலையே வேலை தொடங்கியது. கறுப்பு எழுத்து, பெரிய பெட்டி, விளம்பரத்துக்குத் தனி இடம், என்ன நடக்கப்போகிறது என்று முழு வாக்கியத்தில் சொல்கிற பொத்தான்கள்.

தாள்களைத் திருப்பி வைப்பதற்குள் என் கணவர் சார்ஜர் தேடி என் பையைத் திறந்துவிட்டார். நான் ஏதாவது சமாளித்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சாப்பிடும்போது அப்பாவிடம் ரொம்ப மெதுவாகத்தான் பேசினார்.

"கண்ணு இப்படி இருக்கிறப்ப ரயில் எல்லாம் வேண்டாம்ப்பா. நான் லீவு கிடைக்கிறப்ப கூட்டிட்டுப் போறேன்."

மாமா அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சோதனை பக்கத்துக்குத்தான்னு சொன்னியேம்மா," என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

சோதனையைப் பற்றிய அவருடைய சந்தேகம் வீணாகத்தான் இருந்தது. மெய்யாக்கியது நான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் எதையும் சந்தேகப்படவில்லை. கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடியது, ஒன்றும் கேட்கவில்லை. வெங்காயம் வாங்கப் போனால் கடைக்காரர் போட்டதை அப்படியே வாங்கி வந்தார். எனக்குப் பயமாக இருந்தது. மருத்துவரிடம் காட்டினோம், போன பார்வை திரும்பாது என்றார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

புதிய பக்கம் வெளியாகி ஒன்பதாம் நாள், அலுவலகத்தில் என் மின்னஞ்சலுக்கு ஒரு டிக்கெட் வந்தது. எங்கள் தளத்தில் வீட்டுக்கான கணக்கு என் பெயரில்தான் இருந்தது. பயணி: மாமா. அக்கா ஊர். சரியான தேதி, சரியான ரயில், ஜன்னலோரம். எழுந்து நின்று கத்தத் தோன்றியது. மனப்பாடம் செய்த பக்கம் இப்போது இல்லை. படித்துத்தான் செய்திருக்கிறார், தானாக, யார் துணையும் இல்லாமல்.

அப்புறம்தான் பார்த்தேன். திரும்பி வருவதற்கு டிக்கெட் இல்லை.

என் புத்தி உடனே பெட்டி மேல்தான் பாய்ந்தது. திரும்பும் பயணத்துக்கான பெட்டியை இன்னும் பெரிதாக வைத்திருக்க வேண்டும். ஓரமாகப் போய்விட்டது, கண்ணில் படாமல் தப்பியிருக்கும். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் இருந்தவை பத்து நாளுக்கான சட்டைகள் மாதிரித் தெரியவில்லை. ஸ்வெட்டரும் இருந்தது.

"மாமா, திரும்பி வர்ற டிக்கெட் விட்டுப்போச்சு. அந்தப் பெட்டி சரியாத் தெரியலையா? எங்க தப்புதான். மாத்தச் சொல்லிடறேன்."

"தெரிஞ்சுதும்மா. நல்லாவே தெரிஞ்சுது."

"அப்ப..."

"அக்காவுக்கும் கண்ணு சரியில்ல. என்னை உத்துப் பாக்க மாட்டா. இங்க நீங்க ரெண்டு பேரும் நான் டம்ளரை எடுத்தாக்கூட கையைப் பாக்கிறீங்க. அது எனக்கு முடியலம்மா." குரலில் கோபம் இல்லை. ஒரு சட்டையின் கையை உள்ளே மடித்து வைத்தார். "உன் பக்கம் நல்லா இருக்கு. முன்னாடி மாதிரி ஏமாத்தல. திரும்பி வரும் பயணம் வேண்டாம்னு ஒரு பொத்தான் இருந்துச்சு. கறுப்பா, பெருசா. அதை அழுத்தினேன். நிச்சயமாவான்னு திரும்பக் கேட்டுச்சு."

அந்தக் கேள்வியை எழுதியவள் நான். யாருக்கும் எந்தக் குழப்பமும் வரக் கூடாது என்று ஏழு முறை மாற்றி எழுதினேன்.

"அதையும் படிச்சேன்மா," என்றார் மாமா. "ஆமான்னு அழுத்தினேன்."