ஐந்து என்பது ஒரு கரண்டி

என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர். கலந்த நிறத்தில் ஒரு சொட்டை டப்பா மூடியில் வைத்துத்தான் கொடுப்பார். இருபது வருடத்தில் ஒரு டப்பாகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த மனிதர் அன்று மகளின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மகள் அதை மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள்.

சராசரி பத்துக்கு எட்டு இருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் அவள் ஆசைப்பட்ட சிறப்புப் பிரிவில் இடம். பட்டியலில் ஒன்பது, எட்டு, எட்டு, ஐந்து என்று இருந்தது. அவர் எல்லாவற்றையும் கூட்டி நாலால் வகுத்தார். ஏழரைதான் வந்தது. நான் கண்ணை மூடி, எப்படியாவது அரைப் புள்ளி கூட்டிக் கொடு சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னப்பா, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"அஞ்சு வாங்கிட்டு சிரிப்பு வேறயா, கழுதை!"

"அது செய்முறைப் பாடம்ப்பா. அதுக்கு ஒரே ஒரு கிரெடிட்தான், எடை ரொம்பக் கம்மி. ஒன்பதுக்கு நாலு கிரெடிட், ஒரு எட்டுக்கு நாலு, இன்னொரு எட்டுக்கு மூணு. ஒவ்வொண்ணையும் அதோட கிரெடிட்டால பெருக்கிக் கூட்டி, பன்னெண்டால வகுக்கணும். எட்டைத் தாண்டியாச்சு!"

அவர் கண்கள் விரிந்தன.

"அப்போ பதினோரு கரண்டி வெள்ளையில ஒரே ஒரு கரண்டி கறுப்பா?"

"அதேதான்!"

"அட, நான் நாலையும் சம அளவா ஊத்திட்டேனே! கடையில இப்படிக் கலந்திருந்தா முதலாளி என் தோலை உரிச்சிருப்பாரு!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். நான் கேட்ட அரைப் புள்ளியை வேறு பிள்ளை யாருக்காவது கொடுத்துவிடும்படி சாமியிடம் சொல்லிவிட்டு, நானும் சேர்ந்துகொண்டேன்.