எண்ணெயா, பசையா

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நாளைக்கு" என்றுதான் சொல்வார்கள். எந்த வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் நாளைக்கு முடிந்துவிடும் என்பான். அந்த நாளைக்கு அடுத்த மாதம் வந்தால் அதிர்ஷ்டம். பாகம் வரவில்லை, கரண்ட் இல்லை, லேத் பட்டறைக் கடைசல்காரரின் மாமியார் இறந்துவிட்டார் என்று வாய் கூசாமல் அடித்துவிடுவான். அந்தக் கடைசல்காரருக்கு இவன் கணக்கில் நாலைந்து மாமியார்களாவது செத்திருப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள்.

எஞ்சினைப் பிரித்து மேசைமேல் பரப்பிவிட்டால் மட்டும் வேறு மனிதன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு ஸ்டவ், ஒரு கட்டில், அவ்வளவுதான். தன் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்கமாட்டான், எஞ்சினுக்கு என்ன பூசுவது என்பதில் அப்படியொரு பிடிவாதம். பூட்டி முடித்த எஞ்சினை முதன்முதலில் ஓடவிடும்போது, அடியில் கிடக்கும் ஆயில் மேலே ஏறி வரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பாற்றுவது, பூட்டும்போது கையால் தடவியதுதான். உடனே ஓடப்போகிற வண்டி என்றால் பேரிங்குக்குச் சாதாரண ஆயிலே போதும். மாதக்கணக்கில் சும்மா நிற்கப்போகிறது என்றால் ஆயில் வடிந்து போய்விடும், கறுப்புப் பசைதான் வேண்டும். அது பிடித்த இடத்தை விடாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் என் வீட்டுக்காரரும் அண்ணனும் வேறெதையும் பேசியதில்லை. அவர் சொந்த வேன் வைத்து ஓட்டியவர். சவாரி இல்லாத நாளெல்லாம் பட்டறையில்தான் இருப்பார், அண்ணனுக்குச் சரிசமமாகக் கையை அழுக்காக்கிக்கொண்டு. ஆயிலா பசையா என்று இருவரும் சண்டை போட்டு, சாப்பிடாமல் எழுந்த நாளும் உண்டு.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியாக அழைத்து, இனி செய்வதற்கு எதுவுமில்லை, கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரோ, புகை தள்ளிக்கொண்டிருந்த வேனின் எஞ்சினைப் பிரித்துப் புதிதாகப் பூட்டி வை, நான் எழுந்து வந்ததும் வேலை தொடங்க வேண்டும் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். விடிந்தால் அதே கேள்விதான். பிஸ்டன் வந்ததா, கிராங்க்கைக் கடைசலுக்குக் கொடுத்தாயா என்று கேட்டுக்கொண்டே இரண்டு வாய் சாப்பிடுவார். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அதுவும் இறங்காது.

அதனால் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். "ஊருக்கே பொய் சொல்றியே, எனக்காக ஒண்ணு சொல்லு. அடுத்த வாரம் அவரே ஓட்டிப் பாக்கலாம்னு சொல்லு." தலையாட்டினான்.

பூட்டி முடித்த அன்று, குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வண்டி ரெடி, அடுத்த வாரம் நீயே சாவி போடு மச்சான் என்று சொல்லிக்கொடுத்தபடியே சொன்னான். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது. சந்தோஷத்தில் அண்ணன் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு என்ன தோன்றியதோ, அந்தக் கையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து விரல் விரலாக நகக்கண்ணைப் பார்த்தார்.

"பசையா போட்டே?" என்று கேட்டார்.

வேறு வண்டி வேலை என்று சொல்லியிருக்கலாம். கட்டிலுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டிக் காட்டி என் கண்ணே வலித்துவிட்டது. செத்த மாமியாரைத் திரும்பத் திரும்பச் சாகடித்த வாய், அன்றைக்குத் திறக்கவே இல்லை.

"எவ்வளவு நாள் தாங்கும்?"

"வருஷம் ஆனாலும் தாங்கும் மச்சான்."

"அப்ப சரியாத்தான் போட்டிருக்கே."

அண்ணன் கையை மெதுவாக அவன் மடியிலேயே வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளியே இழுத்து வந்து அண்ணனைப் பிடிபிடியென்று பிடித்தேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்கிறார்கள், ஒரு பொய் சொல்லி ஒரு மனுஷனைத் தேற்றக் கூடாதா பாவி என்றேன். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றான். முதலில் ஆயில் டப்பாவைத்தான் எடுத்தானாம். எப்போது ஓடவிடப்போகிறோம் என்று நினைத்தபோது கை தானாக அதைக் கீழே வைத்துவிட்டதாம்.

"நாளப்பின்ன நீ அதை வித்துத்தானே பொழைக்கணும்? வாங்க வர்றவன் சாவி போடும்போது எஞ்சின் போயிருந்தா என்ன பண்ணுவே?"

"அவர் உசுரோட இருக்கும்போதே வாங்க வர்றவனைப் பாத்துட்டியா நீ?"

அண்ணன் குழாயைத் திறந்து நகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு அவர் வேனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அண்ணன் தினமும் வந்தான். ஒருவர் மேற்கூரையைப் பார்ப்பார், ஒருவன் தரையைப் பார்ப்பான். ஊட்டிவிடப் போனால் வாயை மூடிக்கொள்வார். கொஞ்ச நாளில் போய்விட்டார். அண்ணன்தான் கொன்றான் என்று நான் சொல்லவில்லை, டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்தான். ஆனாலும் என் வயிறு எரிகிறது, அதை நான் என்ன செய்ய?

வேன் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் மாதக்கணக்கில் நின்றது. விற்பதை எவ்வளவோ தள்ளிப்போட்டுப் பார்த்தும் முடியாமல் கடைசியில் விலை பேசினோம். வாங்க வந்தவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் ஓடத் தொடங்கியது. நான் பக்கத்தில் போய் நின்று காதைக் கொடுத்தேன். ஒரு தட்டல், ஒரு உரசல் கேட்டுவிடாதா என்று ஏங்கினேன். கேட்டிருந்தால், பாருடா, உன் கணக்கு தப்பு, அப்படியென்றால் அவர் விஷயத்திலும் தப்புதான், ஆயிலையே பூசியிருந்தால் அவர் எழுந்து வந்திருப்பார் என்று அண்ணன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு நாள் நின்ற எஞ்சின் மாதிரியே இல்லையே, யார் கை வைத்தது என்று வாங்கியவர் இரண்டு முறை கேட்டார். அண்ணன் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். "எங்கண்ணன்தான்" என்று நான் சொன்னேன்.