நடுவரைத்தான் சொன்னார்

ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, விரித்த சட்டையின் மேல் பனிபோல ஊதுகிறார் ஷெஹாத்தா. அவர் பேசாத நேரம் அது ஒன்றுதான் என்று எகிப்தின் துமியாத் நகரில் எங்கள் சந்துக்காரர்கள் கேலி செய்வார்கள். இஸ்திரிப் பெட்டி துணிமேல் ஓடும். கண் சுவரிலிருக்கும் டிவியில் இருக்கும். ரமலான் தொடரில் வரும் விதவையைப் பற்றி, "மூணு புருஷனைப் புதைச்சுட்டா, கண்ணுமை இன்னும் கலையல" என்பார். சினிமா நாயகனைப் பற்றி, "அஞ்சு குண்டு வாங்கிட்டுப் பாடுறான். இந்தப் பெட்டி என் கால்ல விழுந்தா நான் ஒரு வாரம் நொண்டுறேன்."

செய்தி வந்தால் மட்டும் வாசிப்பவரின் காலரைப் பற்றிப் பேசுவார். அதைத் தாண்டமாட்டார்.

தினமும் காலையில் இதையெல்லாம் குரல்பதிவாக எங்கள் சந்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். மாடியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியனான நான், பல் துலக்கும்போது கேட்பேன்.

சென்ற வசந்தத்தில் கால்பந்துக் கோப்பை இறுதியாட்டம். நடுவர் தவறாகக் கொடுத்த ஒரு பெனால்ட்டியில் எங்கள் ஊர் அணி தோற்றது. மறுநாள் பதிவில் ஷெஹாத்தா கொதித்தார்: "அந்தக் கிழவனுக்குக் கண்ணு தெரியல. விசிலைப் பிடுங்க ஒருத்தனுக்கும் தைரியமில்ல. சுத்தி நிக்கிறவனெல்லாம் தலையாட்டுறான்."

பந்து, பெனால்ட்டி என்று வந்த முன்பகுதியை யாரோ வெட்டிவிட்டு, இந்த மூன்று வாக்கியத்தை மட்டும் பரப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் அது ஊர் ஊராகப் போய்விட்டது. கடைக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர் ஷெஹாத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, டிவியில் தெரிந்த நாட்டின் அதிபரைக் கண்ணால் காட்டி, யாரைச் சொன்னீர்கள் என்று எல்லாருக்கும் புரிந்தது என்றாராம். பெட்டிக்கடியிலிருந்த சட்டை கருகும்வரை அவர் பெட்டியை நகர்த்தவில்லை.

அன்று டிவி நின்றது. தெருமுனையில் கார் நின்றால் போதும், அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வார். தடித்த காலுறை, சர்க்கரை மாத்திரை, துண்டு எல்லாவற்றையும், பிடித்துக்கொண்டு போனால் உதவும் என்று, ஒரு பையில் கட்டி வாசலருகே வைத்திருப்பதாக அவர் மனைவி நகாத் என்னிடம் முணுமுணுத்தாள்.

நான்காம் நாள் காலை போன் வந்தது. ஒரு காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் காப்பி பாதுகாப்புத் துறையின் விசாரணை அறையில்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஷெஹாத்தா மாடியேறி என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"வாத்தியாரே, முழுப் பதிவு உங்ககிட்ட இருக்குமே? பெனால்ட்டின்னுதானே ஆரம்பிச்சேன்? என் போன்ல இருந்ததை பயத்துல அழிச்சுட்டேன்."

நானும் அழித்திருந்தேன். குழுவிலிருந்தும் விலகியிருந்தேன். இல்லை என்றேன். கூட வருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் தலையசைத்துவிட்டுப் பையோடு இறங்கினார்.

பிற்பகல் தொழுகை அழைப்புக்குப் பிறகு திரும்பினார். பதிவை ஐந்து முறை போட்டுக் காட்டி, கிழவன் யார் என்று கேட்டார்களாம். மேசையிலிருந்த டீக் கிளாஸ்களை ஆட்டக்காரர்களாக நிறுத்தி, அந்தப் பெனால்ட்டியை இரண்டு மணி நேரம் விளக்கியிருக்கிறார். கடைசியில் இளம் அதிகாரி சிரித்து, முதுகில் தட்டி அனுப்பினாராம்.

"அவன் சொன்னதுதான் வாத்தியாரே தூங்க விடாது போல. 'பேசுங்க பெரியவரே, நிறுத்திடாதீங்க. நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்'னான்."

டிவி மறுபடி ஓடுகிறது. பதிவுகள் வருவதில்லை. நேற்று மாலை சட்டை வாங்கப் போயிருந்தேன். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, அப்பட்டமான ஒரு கோலை நடுவர் மறுத்தார். இந்தத் தீர்ப்பு எப்படி அண்ணே என்றேன். ஷெஹாத்தா என் சட்டைப் பையைப் பார்த்தார். நான் போனை எடுத்து அணைத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அவர் ஒரு கம்பளிப் போர்வையை நான்காக மடித்து அதன்மேல் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். பிறகு ஒரு மிடறு தண்ணீரை வாயில் எடுத்துக்கொண்டு, அடுத்த சட்டையை விரித்தார்.