தோட்டத்துக்கு நடந்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அன்னூர்ப் பக்கம் எங்கள் ஊரில் புருஷன் முன்னால் போவான். பெண்டாட்டி நாலு எட்டு தள்ளிப் பின்னால் போவாள். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரின் முதுகைப் பார்த்தே நடந்தவள் நான். அவர் நடையும் லேசுப்பட்டதல்ல. நான் ஓடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு நாள் விடிகாலையில், கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்க மாடு பூட்டிக்கொண்டிருந்தவர் கிணற்றடியிலேயே சரிந்துவிட்டார். வாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் கோணிக்கொண்டது. எண்ணெய் தேய்க்க வந்த வைத்தியர், "காலை ஊன ஊனத்தானுங்க உசுரு வரும். படுத்தே கெடந்தா அப்படியே போயிருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வாசற்படி வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுவார். பெண்டாட்டி தோளைப் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க வெளியே போவதா? தோட்டத்தில் பருத்தி வெடித்து நின்றது. அதைப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் படி தாண்ட மாட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். இனி இவர் நடை இந்த நாலு சுவருக்குள்ளேயே முடிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

கடைசியில் ஒரு நாள் தடியை ஊன்றித் தனியாகவே கிளம்பிவிட்டார். வழக்கம்போல நான் பின்னால். தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி, காலடியில் புழுதி. பாதி வழியில் இடது கால் மடங்கி விழுந்தார்.

"ஆராச்சும் பாத்துட்டாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். முழங்கையில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"பாத்தாப் பாக்கட்டுமுங்க! ஊரா உங்களுக்குக் கால் குடுக்கப் போகுது?" என்று கத்திவிட்டேன். அதுவரை அவரிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை.

வலது கையை மண்ணில் ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "தோளக் குடு, அம்மணி" என்றார். தூக்கி நிறுத்தி வீட்டுப் பக்கம் திருப்பினேன். அவர் நகரவில்லை.

"ஊட்டுக்கில்ல. தோட்டத்துக்குப் போலாம்."

சிறிது தூரத்தில் பங்காளி வீட்டு ஆண்கள் எதிரே வந்தார்கள். என் தோளிலிருந்து கை இதோ விலகப்போகிறது என்று நினைத்தேன். அவரோ இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழறும் வாயால் தானே முந்திக் கேட்டார்: "ஏனுங்க, சந்தைக்குங்களா?"

அவர்கள் வேலியோரம் ஒதுங்கி நின்றார்கள். நான் அழுகையை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன்.